காசெரூன் வாசலடி

அகதி அலுவலகத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தைக் கானூமுக்கு வாசித்துச் சொன்னவள் நான்தான். அதனால்தானோ என்னவோ, அதிலிருந்த ஒரு வசனம் அவரைவிட என்னைத்தான் கூடுதலாகச் சுட்டது. விண்ணப்பதாரி தனது நகரத்தில் உள்ளவையாகக் குறிப்பிட்ட வாசல்கள் அங்கே இல்லை. ஆகவே அவர் அந்த நகரத்தைச் சேர்ந்தவர் என்பதை நம்புவதற்கில்லை. நல்ல தாளில், ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அடித்திருந்தார்கள்.

கானூமும் நானும் அப்போது ஜேர்மனியின் டோட்முண்ட் நகரின் ஓரத்தில், ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கியிருந்த நீண்ட கட்டடம் ஒன்றில் இருந்தோம். அகதிகளை வைத்திருக்கும் அப்படியான விடுதியை ஜேர்மன்காரர் ஹைம் என்பார்கள்; நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். கீழ்த்தளம் முழுக்க எங்கள் பெடியள். இலங்கையில் எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கிடைத்த விமானத்தில் ஏறிக் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள். மேல்தளத்தில் குடும்பங்கள். தனியே வந்த பெண்கள் என்று பார்த்தால் நானும் கானூமும்தான். ஆகவே எங்களை ஒரே அறையில் போட்டார்கள்.

கானூம் என்பது அவருடைய பெயரல்ல. பாரசீக மொழியில் ஒரு பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். அவர் என்னைத் தொக்தார் என்பார். பெண்பிள்ளை என்று அர்த்தம். கானூம் முப்பதைத் தாண்டியவர். ஈரானின் ஷிராஸ் நகரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பியை ஒருநாள் காலையில் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அவர் ஒவ்வொரு சிறையாக அலைந்தார். அலைந்ததற்காக வேலையை இழந்தார். பிறகு அவரையும் தேடத் தொடங்கினார்கள். அவர் தஞ்சம் கேட்ட காரணம் இவ்வளவுதான். எல்லாம் ஒரு தெருவில் தொடங்கியது. அந்தத் தெரு காசெரூன் வாசலடியில் இருந்தது.

எங்களுக்கு இடையே இருந்த மொழி பாதி பள்ளிக்கூட ஆங்கிலம், பாதி புதிதாகப் படித்த ஜேர்மன். ஆனால் அவர் கதைத்தது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சந்தையில் மூட்டை இறக்குபவர். அம்மா கைநாட்டு வைப்பவர். நான் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். சோதனை பாஸ் பண்ணியவள். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும். கிழமைதோறும் ஹைமுக்கு உடுப்பும் கேக்கும் கொண்டுவந்த தேவாலயத்து அம்மா ஒருவர் இருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த ஜேர்மன் அறிவித்தலை உரத்து வாசித்ததைக் கேட்டு, நடக்கத் தொடங்கிய குழந்தையைப் பார்ப்பதுபோலக் கைதட்டினார். நல்ல மனுசிதான். ஆனால் அந்தக் கைதட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடிதம் வந்த அன்று கானூம் பொதுச் சமையலறையில் கத்தரிக்காய்த் தோல் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் கீழ்த்தளத்து அண்ணை ஒருவர் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். அவர் சாதாரணமாகக் கதைத்தாலே பின்கதவு வரைக்கும் கேட்கும்.

"என்னவாம்?" என்றார் கானூம், கத்தியை நிறுத்தாமல்.

"உங்கடை விண்ணப்பத்தை மறுத்துப்போட்டாங்கள்."

கத்தி நின்றது. "ஏனாம்?"

"நீங்கள் சொன்ன வாசல் ஒண்டும் ஷிராசிலை இல்லையாம்."

அவர் சிரித்தார். செய்தியின் பாரம் விளங்கவில்லையோ என்று நான் பயந்துபோனேன்.

"இல்லைத்தான். எங்கை இருக்கு? அதெல்லாம் எப்பவோ இடிஞ்சு போச்சு."

"அப்ப என்னத்துக்கு இருக்கெண்டு சொன்னனீங்கள்?"

"இருக்கெண்டு ஆர் சொன்னது? எங்கை பிறந்தனி எண்டு கேட்டான். காசெரூன் வாசலடியிலை எண்டன். பள்ளிக்கூடம் எங்கை எண்டான். இஸ்ஃபஹான் வாசலுக்குக் கிட்ட எண்டன். வேறை என்னெண்டு சொல்லுறது தொக்தார்? அந்த இடங்களுக்கு வேறை பேர் இல்லை."

சீவிய தோல்களை எடுத்து மேசையில் வட்டமாக அடுக்கினார். அதுதான் பழைய ஷிராசின் மதில். தோல்களுக்கு இடையிடையே உள்ளிப் பற்களை வைத்தார், அவை வாசல்கள். பாதை எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரின் பெயர் வாசலுக்கு. இஸ்ஃபஹானுக்குப் போகும் பாதையில் இஸ்ஃபஹான் வாசல், காசெரூனுக்குப் போகும் பாதையில் காசெரூன் வாசல். அரசனின் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஆடு மாடு வெட்டும் இடத்துக்குக் கிட்ட இன்னொன்று. பிறகு தோல்களைக் கையால் வழித்துக் குப்பைக்குள் தள்ளினார். மதில் போய்விட்டது. உள்ளிப் பற்களைத் தாச்சிக்குள் போட்டார். வாசல்களும் போய்விட்டன.

"இப்ப சொல்லும். காசெரூன் வாசல் எங்கை?"

நான் யோசிக்காமலே வெறும் மேசையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். உள்ளியின் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

ஷிராசில் தெருவோரம் நின்று, ஓடுகிற டாக்சியைப் பார்த்துப் போகவேண்டிய இடத்தின் பெயரைக் கத்த வேண்டுமாம். அந்தப் பக்கம் போகிறவன் நிறுத்துவான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களோடு நெருக்கிக்கொண்டு ஏற வேண்டும். "தர்வாசே காசெரூன்" என்று அவர் கத்திக் காட்டினார். தர்வாசே என்றால் வாசல்.

அண்ணை அகப்பையோடு திரும்பினார். "ஏறுங்கோ அக்கா. உள்ளுக்குப் போங்கோ, நடுவிலை இடம் கிடக்கு."

அந்த வாசலடியில் இறங்கினால் கானூமின் வீடு வரை ஒழுங்கைகள்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பழைய கதவுகளில் தட்டிக் கூப்பிட இரண்டு இரும்புத் தட்டிகள் இருக்கும். கனமானது ஆண்கள் தட்டுவதற்கு, மெல்லிய வளையம் பெண்கள் தட்டுவதற்கு. சத்தத்தைக் கேட்டே வந்திருப்பது ஆணா பெண்ணா என்று அறிந்து, அதற்கேற்ற ஆள் உள்ளே இருந்து வந்து திறப்பாராம். முற்றத்தில் நாரத்தை மரம். அவர்கள் நாரெஞ்ச் என்பார்கள். தம்பியைப் பிடிக்க வந்தவர்கள் இரண்டு தட்டிகளையும் தொடவில்லை. பூட்ஸ் காலால் உதைத்தார்கள்.

இதில் எதையும், கானூமை விசாரித்த அதிகாரி கேட்கவில்லை. அவரிடம் ஒரு பயணப் புத்தகம் இருந்தது. பளபளப்பான படங்களோடு, விடுமுறைக்குப் போகிறவர்கள் வாங்குகிற வகை. அதில் ஷிராசின் வாசல் என்று ஒரேயொரு படம்: நகரத்துக்கு வடக்கே, மலை இடுக்கில், இஸ்ஃபஹானுக்குப் போகும் வீதியில் நிற்கும் குர்ஆன் வாசல். அதன் மேல்மாடத்தில் முன்னர் பெரிய குர்ஆன் வைத்திருந்தார்களாம். அதன் கீழாகக் கடந்து போகிறவர்கள் சுகமாகத் திரும்பி வருவார்கள் என்பது நம்பிக்கை. உம்முடைய நகரத்தில் என்னென்ன வாசல்கள் இருக்கின்றன என்று அதிகாரி கேட்டபோது, கானூம் இடிந்துபோனவை எல்லாவற்றையும் சொன்னார். நிற்கிற ஒன்றைச் சொல்லவில்லை.

"அதை ஏன் விட்டனீங்கள்?"

"அது ஊருக்கை இல்லையே. ஊர் முடியிற இடம். பயணம் போறாக்களுக்கு உரியது. ஊருக்கை என்ன வாசல் எண்டுதானே கேட்டவன்."

நாட்டை விட்டுப் புறப்படும்போது இந்த வாசல் வழியாகத்தானே போயிருப்பீர் என்றும் அதிகாரி கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறார் கானூம். பயணம் போகிற எல்லோரும் இதன் கீழாகத்தான் போவார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறதே என்றிருக்கிறார் அதிகாரி.

"அதிலை காவல் நிக்குது தொக்தார். ஒளிச்சு ஓடுறவள் காவல் நிக்கிற வழியாலை போவாளோ? கிழக்காலை, கெர்மான் பக்கம், ஒரு லொறியிலை வெங்காய மூட்டையளுக்குப் பின்னாலை இருந்து போனனான்."

"இதை அவனுக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னன். எழுதினானோ தெரியாது."

எழுதியிருக்கவில்லை. மொழிபெயர்க்க வந்தவர் தெஹ்ரான்காரராம். தெஹ்ரானிலும் இல்லாத வாசல்களின் பெயரில் எத்தனையோ இடங்கள் இருப்பதாகக் கானூம் சொன்னார். ஆகவே அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்டிருந்தால், என் வேலை அவ்வளவுதான் என்றிருப்பார்.

நான் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அவர்களின் கணக்கு எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. வாசல் இல்லை, ஆகவே தெரு இல்லை. தெரு இல்லை, ஆகவே அந்தத் தெருவில் உதைத்துத் திறந்த கதவும் இல்லை. கதவு இல்லையென்றால் தம்பியும் இல்லை. ஒரு பயணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பிறக்காதவனாக்கிவிட்டார்கள்.

அண்ணை பருப்பை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "பிள்ளை, ஊரிலை பஸ்ஸாலை நீர் எந்த இறக்கத்திலை இறங்குறனீர்?"

"புளியடி."

"புளி நிக்குதோ?"

நான் பிறக்க முதலே தறித்துவிட்டார்கள். அந்தச் சந்தியில் ஒரு சைக்கிள் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும்தான் எனக்குத் தெரியும்.

"எத்தினை வருஷம் புளியடி, புளியடி எண்டு கத்தியிருப்பன். மரம் எங்கையெண்டு கேட்டு ஒருத்தனும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கேல்லை" என்றார் அண்ணை.

நீதிமன்றத்தில் முறையிட, தேவாலயத்து அம்மா ஒரு இளம் வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தார். அவர் கடிதத்தை வாசித்துவிட்டு, இது பெரிய சிக்கலில்லை என்றார். விசாரணையில் பயந்துபோய்க் குழம்பிவிட்டேன், வாசல்களைப் பிழையாகச் சொல்லிவிட்டேன், உண்மையில் இருப்பது குர்ஆன் வாசல்தான் என்று கானூம் நீதிமன்றத்தில் சொன்னால் போதும். பயத்தில் வரும் பிழைகளை நீதிபதிகள் புரிந்துகொள்வார்கள். தேவாலயத்து அம்மாவும், பாவம், யாருக்கும் வரக்கூடியதுதான் என்று தலையசைத்தார்.

ஹைமுக்குத் திரும்பினோம். கானூம் அறைக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சொல்லிவிட்டுப் போறன். ஒரு வசனம்தானே."

"நீங்கள் பிழையாச் சொல்லேல்லையே."

"தெரியும்."

"உண்மையைப் பிழையெண்டு சொல்லப் போறியளோ?"

"திருப்பி அனுப்பினால் விமானத்திலை ஏறுறது ஆர் தொக்தார்? நீரோ, நானோ?"

என் முகத்தில் இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"உம்மடை படிப்பெல்லாம் மூக்கு நுனியிலை வந்து நிக்குது" என்றார்.

"வங்கியிலை கண்ணாடிக்குப் பின்னாலை இருந்து சனத்தைப் பார்த்த மூக்கைவிட இது பெரிசில்லை" என்றேன்.

அன்று பின்னேரம் இரண்டு பேரும் தனித்தனியாகத் தேத்தண்ணி போட்டோம். ஒரே தேயிலைப் பெட்டியை ஒருவர் வைக்க மற்றவர் எடுத்தார்.

அடுத்த நாள் காலை அவர் தலையை வாரிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்துக் கேட்டார்: "வாசலைப் பிழையெண்டு சொன்னால், அடுத்ததாய்த் தெருவும் பிழையோ எண்டு கேப்பாங்கள், என்ன?"

"கேப்பாங்கள்."

"பிறகு கதவு."

நான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தேன்.

"அப்ப ஏலாது" என்றார். சீப்பில் சிக்கிய மயிரை எடுத்து உருட்டிக் குப்பையில் போட்டார். "ஏலாது எண்டு அந்தப் பெடியனுக்குச் சொல்லுவம்."

அதைச் சொல்லத்தான் வழக்கறிஞரிடம் மீண்டும் போனோம். தேவாலயத்து அம்மாவும் கூட வந்தார். டிராமில் கானூம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலத் தரிப்பிடங்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தேன். ஜேர்மன் படிக்கத் தொடங்கியதிலிருந்து கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாசிக்கும் பழக்கம். ஒரு தரிப்பிடத்தில் ஓஸ்டன்டோர் என்று இருந்தது. நூறு தடவை அதைக் கடந்திருப்பேன். அன்றுதான் அதை ஒரு பெயராக அல்லாமல் சொற்களாக வாசித்தேன். கிழக்கு வாசல்.

வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு பேக்கரி. ஒரு மருந்துக்கடை. சைக்கிள்கள் சாய்த்து வைத்த கம்பி. வாசல் என்று சொல்ல ஒரு கல்கூட இல்லை.

"வாசல் எங்கே?" என்று தேவாலயத்து அம்மாவைக் கேட்டேன்.

"எந்த வாசல்?"

"இந்தத் தரிப்பிடத்தின் வாசல்."

"அதுவா. அது பழைய நகர மதில் இருந்த காலத்தில். மதிலும் இல்லை, வாசலும் இல்லை. மற்றப் பக்கத்தில் மேற்கு வாசல்கூட இருக்கிறது."

"இருக்கிறதா?"

"இல்லை, இல்லை. பெயர்தான்."

தான் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கவே இல்லை. குளிருக்குக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

நான் எழுந்து நின்றேன். "உங்களுக்கு இந்த நகரத்தில் எத்தனை வருஷம்?"

"நான் பிறந்ததே இங்கேதான்."

"பொய். இல்லாத வாசலை இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் இந்த ஊர்க்காரியே இல்லை."

அவர் முகம் முதலில் சுருங்கியது. பிறகு கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. டிராமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கானூமை உலுப்பி, சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒரு கிழவர் பத்திரிகையை இறக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அதிகாரியும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு இல்லாத வாசலில் இறங்கித்தானே நாளாந்தம் வீட்டுக்குப் போவார். கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் அந்தப் பெயரைத்தானே சொல்வார். தன்னுடைய இல்லாத வாசல் அவருக்கு ஊர். கானூமின் இல்லாத வாசல் மட்டும் பொய்.

டிராமில் நடந்ததைச் சொன்னதும் வழக்கறிஞருக்கு அது பிடித்துவிட்டது. "இதை நான் ஏன் யோசிக்கவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஏன் யோசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் அவருக்கும் வாசலல்ல, ஊர்.

நீதிமன்றம் வேறொரு ஊரில் இருந்தது. எங்கள் நகர எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. தாண்டுவதற்குத் தனியாக ஒரு கடதாசி எடுக்க வேண்டும். மதிலை இடித்துவிட்ட நகரத்தில் எங்களுக்கு மட்டும் மதில் வைத்திருந்தார்கள்.

புறப்பட்ட காலையில் கானூம் ஒரு துணிக்குள்ளிருந்து சின்னக் குர்ஆனை எடுத்தார். வெங்காய மூட்டைகளோடு வந்தது. நான் அதுவரை பார்த்ததில்லை. ஹைமின் வெளிக்கதவில் நின்று அதை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்.

நான் நெற்றியில் வீபூதியோடு நின்றேன். "நான் தொடலாமோ?"

"கை கழுவினனீரோ?"

"ஓம்."

"பிறகென்ன."

நான் கதவுப்படியின் ஓரத்தில் ஏறி நின்று உயர்த்திப் பிடித்தேன். அவர் அதன் கீழாக வெளியே போனார், திரும்பி உள்ளே வந்தார், மறுபடியும் போனார். போகிறவருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றவும் வேண்டுமாம். அண்ணை பிளாஸ்டிக் சாடியில் கொண்டுவந்து தந்தார். ஊற்றினேன். கல்லில் பட்டவுடன் தண்ணீர் உறையத் தொடங்கியது.

ஹைமைப் பார்த்துக்கொள்ளும் ஜேர்மன்காரர் ஜன்னலைத் திறந்து, படியில் யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டார். அண்ணை மேலே பார்த்து, ஜேர்மனில், "நான் உப்பு, நான் உப்பு" என்றார். பிறகு எங்களிடம், "நீங்கள் போங்கோ. உந்தாள் கத்தட்டும், நான் உப்புப் போடுறன்" என்றார்.

நீதிமன்றத்தில் எனக்குக் கதைக்க உரிமை இல்லை. பின்வரிசையில் இருந்தேன். மொழிபெயர்க்க இந்தமுறை ஒரு பெண் வந்திருந்தார். வழக்கறிஞர் டோட்முண்டின் கிழக்கு வாசலையும் மேற்கு வாசலையும் சொன்னபோது நீதிபதி புன்னகைத்தார். எழுதிக்கொண்டிருந்தவரும் புன்னகைத்தார். அறை முழுக்க ஒரு இளக்கம் பரவியது, ஏதோ நல்ல பகிடி ஒன்றைக் கேட்டதுபோல. நான் சிரிக்கவில்லை. கானூமும் சிரிக்கவில்லை. டிராமில் சிரித்தது வேறு.

காசெரூன் வாசலடியில் இறங்கினால் உங்கள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று நீதிபதி கேட்டார். கானூம் இருந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டு போகத் தொடங்கினார். பாண் சுடும் போறணையின் சூடு, செம்புப் பாத்திரக்காரனின் தட்டல், வலது பக்கம் திரும்பும் இடத்தில் உடைந்த தண்ணீர்க் குழாய், மறுபடி இடது, தாழ்ந்த வளைவு. தம்பி வளர்ந்த பிறகு அதில் தலை முட்டும். மொழிபெயர்ப்பாளர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். கதவு வரை வந்ததும் கானூம் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். நீதிபதி நன்றி சொன்னார்.

குர்ஆன் வாசலைப் பற்றியும் ஒரு கேள்வி வந்தது.

"அது வழிக்குரிய வாசல்" என்றார் கானூம். "நான் அந்த வழியால் வரவில்லை. அதன் கீழாகப் போகாமல் புறப்பட்டேன். இன்று காலையில்தான் போனேன், எங்கள் ஹைமில்."

மொழிபெயர்ப்பாளர் கானூமைப் பார்த்துவிட்டுத்தான் அதை ஜேர்மனில் சொன்னார். நீதிபதிக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

தீர்ப்பு பனி கரையும் காலத்தில் வந்தது. அதே சமையலறை, அதே மேசை. கானூம் இந்த நாட்டில் இருக்கலாம். முதல் பக்கத்திலேயே அது இருந்தது. அண்ணை அகப்பையால் சட்டியில் தட்டினார், மேலேயிருந்து குடும்பங்கள் இறங்கி வந்து கானூமைக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றினார்கள். எல்லோரும் போன பிறகு, "முழுக்க வாசியும்" என்றார் கானூம்.

வாசித்தேன். இடிந்துபோன நகர வாசல்களின் பெயர்களை இடப்பெயர்களாக வழங்குவது உள்நாட்டிலும் காணப்படுவதே. அதற்கு எங்கள் டிராம் தரிப்பிடம் உதாரணம். வேறு இரண்டு ஜேர்மன் நகரங்களும் உதாரணம். மதில்கள் எந்த நூற்றாண்டுகளில் இடிக்கப்பட்டன என்று ஒரு பந்தி. ஆகவே விண்ணப்பதாரியின் கூற்று நம்பத்தக்கது. பக்கம் திருப்பத் திருப்ப வாசல்கள். கானூம் தன் ஊரைச் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. அவர்களுடைய ஊர் அதற்குச் சாட்சி சொன்ன பிறகு உண்மையாகிவிட்டது. இடையில் கானூம் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

"தம்பியைப் பற்றி?" என்றார்.

தேடினேன். கடைசிக்கு முந்திய பக்கத்தில் இருந்தது. விண்ணப்பதாரியின் சகோதரரது கைது தொடர்பான விபரங்களை மேற்கொண்டு ஆராயவேண்டிய அவசியம் எழவில்லை.

"வேறை?"

"வேறை இல்லை."

அவர் அந்த வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் குரல் உயர்ந்துவிட்டது. உடனே உட்கார்ந்து நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். டிராம் தரிப்பிடத்துக்கு ஒரு பந்தி, ஒரு மனிதனுக்கு ஒரு வரியோ என்று கேட்கப் போகிறேன் என்றேன்.

"இரும் தொக்தார். எனக்கு இருக்க இடம் தந்திட்டாங்கள்."

"அது மட்டும் காணுமோ?"

"காணாது" என்றார். தாள்களை என்னிடமிருந்து வாங்கி, ஓரங்களைச் சரிபார்த்து மடித்தார். "காணாதுதான். ஆனால் வாங்கிக்கொள்ளுவம்."

நான் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போதும் அந்தத் தரிப்பிடத்தை டிராம் கடக்கும்போது பேக்கரிக்கு முன்னால் நிற்கிற சனத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வரும். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரிந்தும் வரும்.

கானூம் கோடையில் கொலோன் நகரத்துக்குப் போனார். நான்தான் கதவில் நின்று குர்ஆனை உயர்த்திப் பிடித்தேன். அண்ணையும் நானும் இன்னும் ஹைமில் இருக்கிறோம். என்னுடைய விசாரணைக்கு இப்போதுதான் டெர்மின், அதுதான் தவணைத் திகதி, வந்திருக்கிறது. அண்ணை தன் விசாரணையை முடித்துவிட்டவர் என்பதால் எனக்குச் சமையலறையில் வைத்துப் பயிற்சி தருகிறார்.

"பிள்ளை, புளியடி எண்டு சொல்லிப்போடாதையும். சந்தி எண்டு மட்டும் சொல்லும். சந்திக்கு ஆரும் ஆதாரம் கேக்க மாட்டாங்கள்."

"புளியடி எண்டுதான் சொல்லுவன்."

"மரம் எங்கையெண்டு கேட்டால்?"

"தறிச்சுப்போட்டாங்கள் எண்டு சொல்லுவன்."

"அதோடை நிப்பாட்டும்."

"நிப்பாட்ட மாட்டன் அண்ணை. அந்தச் சந்தியிலை என்ன நடந்து நான் ஓடிவந்தனான் எண்டும் சொல்லுவன். மரத்தைப் பற்றி எழுதின அளவுக்கு அதையும் எழுதினவங்களோ எண்டு, எழும்ப முதல் வாசிச்சுக் காட்டச் சொல்லுவன்."

அண்ணை அடுப்பைக் குறைத்தார். "அப்ப நேரத்தோடை சாப்பிட்டிட்டுப் போம்" என்றார். "அங்கை கனநேரம் இருக்க வேண்டி வரும்."